பத்தொன்பது மாத்திரைகள்

போன வாரம் என் மகளுக்குக் காய்ச்சல். குழந்தைகள் டாக்டர் ஐந்து நாளைக்கு ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். ஆறாம் நாள் மறுபடி காட்டப் போனபோது, எல்லாரிடமும் கேட்பதுபோல என்னிடமும் கேட்டார்: "ஒரு வேளையும் விடலையேம்மா?"

"மூணாம் நாள் காலையில முக்கால் மணி நேரம் லேட்டாயிடுச்சு டாக்டர். நாலாம் நாள் மத்தியானம் கொஞ்சம் துப்பிட்டா. எவ்வளவுன்னு சரியாத் தெரியலை. கால் ஸ்பூன் இருக்கலாம். அரை ஸ்பூனாவும் இருக்கலாம்."

டாக்டர் சிரித்துவிட்டார். வெளியே வந்ததும் என் கணவர், "உன்னை என்ன கோர்ட்டுலயா ஏத்தியிருக்காங்க?" என்றார். நான் மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன். எனக்கு ஓர் அத்தை மகள் இருந்தாள், சின்ன வயதிலேயே மஞ்சள் காமாலையில் போய்விட்டாள் என்பது அவருக்குத் தெரியும். அப்படிச் சொன்னது நான்தான். ஆனால் அது மஞ்சள் காமாலை இல்லை.

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் அம்மா இன்னும் இருக்கிறாள். என் மகளுக்கு மத்தியானச் சோறு ஊட்டுவது அவள்தான். அவளைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லும்போதே அது முழு உண்மையா என்றும் சந்தேகமாக இருக்கிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. திருப்பனந்தாள் பஸ்ஸில் வந்து இறங்கி, வாய்க்கால் கரையோடு கொஞ்சம் நடந்தால் எங்கள் வீடு. அப்பாவுக்கு இரண்டு தங்கைகள். பெரிய அத்தையைக் கட்டிக்கொண்ட மாமா துபாயில் வேலை பார்த்தார். ஒரு தடவை விசாவைப் புதுப்பிக்கும்போது ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரில் கேட்டவர்களுக்கு "மெடிக்கல் ஃபெயில்" என்று பதில் சொன்னோம். எங்கள் பக்கம் அது எல்லாருக்கும் பழகிய சொல். நெஞ்சில் பழைய தழும்பு இருந்தாலும் மெடிக்கல் ஃபெயில், காமாலை இருந்தாலும் மெடிக்கல் ஃபெயில். யாரும் இரண்டாவது கேள்வி கேட்கமாட்டார்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒளிந்தபடியே மாமா இறந்தார். ஒன்றரை வருடம் கழித்து அத்தையும் இறந்தாள். அவர்களுடைய ஒரே மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம்.

வந்தபோது அவளுக்கு நாலு வயது. தலை முழுக்கச் சிரங்கு. காதில் சீழ். ஒரு நாளைப்போல இருமல். கும்பகோணத்தில் ஒரு டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். ரிசல்ட் வந்த அன்று அப்பா சாப்பிடவில்லை. எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்: "பாப்பா ரத்தத்துல ஒரு கிருமி இருக்கு. வெளிய மூச்சு விடக்கூடாது. விட்டா நம்ம வீட்டு வாசப்படி யாரும் ஏற மாட்டாங்க."

அடுத்த வருடம் டவுன் ஆஸ்பத்திரியில் அதற்கு இலவசமாக மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பு அந்த மருந்து பணக்காரர்களுக்கு மட்டுந்தான் என்று கேள்வி. குழந்தைகளுக்கென்று தனி மாத்திரை எங்கள் பக்கம் இன்னும் வந்திருக்கவில்லை. பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக்கி, காலை எட்டு மணிக்கு அரை, ராத்திரி எட்டு மணிக்கு அரை கொடுக்க வேண்டும். அம்மா புது பிளேடு ஒன்றை அதற்கென்றே தனியாக வைத்திருந்தாள். கவிழ்த்த எவர்சில்வர் மூடியின் மேல் மாத்திரையை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நறுக்குவாள். நறுக்கியதை வாழைப்பழத்துக்குள் பொதிந்து கொடுப்பாள். பாப்பா பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் நாக்கு நுனியில் நீட்டிக் காட்டுவாள். "முழுங்குடி என் ராசாத்தி" என்று அம்மா கெஞ்சுவாள். அதே அம்மாதான் பாப்பாவின் தட்டையும் டம்ளரையும் தனியாகக் கழுவித் தனியாகக் கவிழ்ப்பாள். தொட்டால் ஒட்டாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். டம்ளர் தனியாகவே இருந்தது.

ஆறு மாதத்தில் பாப்பா தேறிவிட்டாள். சிரங்கு காய்ந்து முடி வளர்ந்தது. கன்னத்தில் சதை வைத்தது. அறுத்த வயலில் மேயவிட்ட வாத்துகளைத் துரத்திக்கொண்டு ஓடுகிற அளவுக்குத் தெம்பு வந்தது.

மாதம் ஒருமுறை அம்மாவும் பாப்பாவும் நானும் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவோம். நான் எதற்கென்றால், நான் இல்லாமல் பாப்பா பஸ் ஏறமாட்டாள். அந்த அறைக்கு வெளியே பெயர் எதுவும் இருக்காது, நம்பர் மட்டும்தான். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் முந்தானையை மூக்குவரை இழுத்துவிட்டிருப்பார்கள். அம்மாவும் இழுத்துக்கொள்வாள். ஊர்க்காரர் யாரையாவது பார்த்துவிட்டால் "கண்ணு காட்ட வந்தோம்" என்று சொல்ல வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம்.

உள்ளே இருந்த சிஸ்டருக்கு என் மேல் பிரியம் உண்டு. நான் நன்றாகப் படிக்கிற பெண் என்று அம்மா சொல்லியிருந்தாள். சிஸ்டர் எனக்கு ஒரு பொறுப்பு கொடுத்தார். ஒரு தாளில் முப்பது வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு சூரியன், ஒரு பிறை. காலை மாத்திரை உள்ளே போனதும் சூரியன் மேல் டிக். ராத்திரி மாத்திரைக்குப் பிறை மேல் டிக். மாதக் கடைசியில் அந்தத் தாளையும் மாத்திரை பாட்டிலையும் கொண்டுவர வேண்டும். சிஸ்டர் பாட்டிலைத் தட்டில் கவிழ்த்து, மிச்சத்தை ஸ்பூனால் தள்ளித் தள்ளி எண்ணுவார். ஒரு நாளைக்கு இரண்டு அரை, அதாவது ஒரு மாத்திரை. எத்தனை நாள் போயிருக்கிறதோ அத்தனை மாத்திரை குறைந்திருக்க வேண்டும்.

"இந்த மாத்திரைதான் இவ உசுரு" என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். "விடாம போனா கிருமி தூங்கும். நாலு நாள் விட்டா முழிச்சிக்கும். முழிச்ச கிருமி அப்புறம் இந்த மாத்திரைக்குப் பயப்படாது. விட்டுப்போனா மறைக்காம சொல்லுங்க. ஆளை வீட்டுக்கு அனுப்பி என்ன பிரச்சினைன்னு பாக்கச் சொல்றேன். உதவிக்குத்தான்."

அம்மாவின் காதில் விழுந்தது "ஆளை வீட்டுக்கு அனுப்பி" என்பது மட்டும்தான். போதாததற்கு, ஒரு மாதம் எங்களுக்கு முன்னால் போன ஒரு பெண்ணின் கணக்கு தப்பிவிட்டது. "எத்தனை தடவைதான் சொல்றது?" என்று சிஸ்டர் போட்ட சத்தம் வெளி பெஞ்சுவரை கேட்டது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது நாங்கள் எல்லாரும் தரையைப் பார்த்தோம். நான் வகுப்பில் முதல் ரேங்க். கணக்கு தப்புவது எவ்வளவு கேவலம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தத் தை மாதத்தில் சின்ன அத்தைக்கு வரன் வந்தது.

சின்ன அத்தைக்கு இருபத்தொன்பது வயது. அதற்கு முன் இரண்டு இடம் பேசி, இரண்டும் கடைசி நேரத்தில் நின்றுபோயிருந்தன. இந்த மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் கப்பல் கட்டுகிற இடத்தில் வேலை. ஒரு மாத லீவில் வந்திருந்தார். எங்கள் பக்கத்துச் சிங்கப்பூர்க் கல்யாணங்கள் எல்லாமே அப்படித்தான். முதல் வாரம் பெண் பார்த்து, இரண்டாம் வாரம் பூ வைத்து, மூன்றாம் வாரம் தாலி கட்டி, நாலாம் வாரம் மாப்பிள்ளை விமானம் ஏறிவிடுவார்.

பூ வைக்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா காலை ஏழரைக்கே வந்துவிட்டார். கலகலப்பான மனுஷி. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேராக அடுப்படிக்கு வந்து, மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மணி எட்டு. அம்மா முதுகைத் திருப்பி நின்று வாழைப்பழத்தைப் பிளந்தாள்.

"என்ன சம்பந்தியம்மா, புள்ளைக்குப் பழத்துக்குள்ள வச்சுக் குடுக்குறீங்க?"

"சத்து மாத்திரைங்க. வைட்டமின்."

"ஓஹோ! போன வருஷம் குச்சியாட்டம் கெடந்த புள்ளையாமே, இப்ப பாருங்க குண்டு பூசணிக்காயாட்டம் இருக்குன்னு தெருவுல சொல்றாங்க. என் பேத்தியும் இதே கதிதான், சோத்தைக் கண்டா ஓடுறா. அந்த பாட்டிலைக் குடுங்க, பேரை எழுதிக்கிறேன். எங்க மூத்த மருமவன் மருந்துக்கடைதான் வச்சிருக்கான்."

அம்மாவின் முதுகை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாக்கெட் அந்த ஒரு நிமிடத்தில் நனைந்தது. அப்படித்தான் நினைவிருக்கிறது. அடுப்பு வெக்கையாகவும் இருக்கலாம்.

"தீந்துபோச்சுங்க. காலி பாட்டிலைக் கடாசிட்டேன்."

பாப்பா பழம் நிறைந்த வாயோடு, "இல்லையே, அலமாரில நெறையா இருக்கே!" என்றாள்.

"அது வயித்துவலி மாத்திரைடி" என்று அம்மா சிரித்தாள். மாப்பிள்ளையின் அம்மாவும் சிரித்தார். "சூட்டிகையான புள்ள" என்று பாப்பாவின் கன்னத்தைக் கிள்ளினார்.

அன்றைக்கே பாட்டில் பத்தாயத்துக்குப் போனது. நெல் கொட்டி வைக்கிற அந்தப் பெரிய மரப்பெட்டியின் வாய்க்குள் நுழைகிற உடம்பு வீட்டில் எனக்கு மட்டும்தான். குறுவை நெல் பாதி அளவுக்குக் கிடந்தது. பாட்டிலையும் சூரியன் பிறை போட்ட தாளையும் ஒரு துணியில் சுற்றி, நெல்லுக்குள் முழங்கை ஆழத்தில் புதைத்துவிட்டு வந்தேன். உடம்பெல்லாம் நெல்லுச் சுணை அரித்தது. யாருக்கும் தெரியாத இடம் எனக்கு மட்டும் தெரியும் என்பதில் சந்தோஷமாகவும் இருந்தது.

"எட்டு மணிக்கு எட்டு மணி குடுக்கச் சொன்னாங்களே" என்று அம்மா மெதுவாகச் சொன்னாள்.

"புள்ள நல்லாத்தானே இருக்கு? பதினைஞ்சு இருபது நாள்ல என்ன ஆயிடப்போவுது?" என்றார் அப்பா. "வீடு பூரா ஆளு. அந்தம்மா மருமவன் மருந்துக்கடைக்காரன். ஒரு மாத்திரை அவன் கண்ணுல பட்டாப் போதும். இந்தக் கல்யாணமும் நின்னுச்சுன்னா என் தங்கச்சி அரளி வெதைதான் அரைச்சுக் குடிக்கணும்."

சின்ன அத்தை கதவோரம் நின்றிருந்தாள். "அண்ணி, பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?" என்று கேட்டாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மறுபடி கேட்டாள். அம்மா, "நீ போய் மருதாணி வை" என்றாள். சின்ன அத்தை போய் மருதாணி வைத்துக்கொண்டாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளை எனக்குச் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த நாலு கலர் பேனா கொடுத்தார். மேலே இருக்கிற நாலு பித்தானில் எதை அழுத்துகிறோமோ அந்தக் கலர் எழுதும். பாப்பாவுக்குச் சாக்லெட் டப்பா. மாத்திரை இல்லாத அந்த நாட்களைப்போல அவள் எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை. "இன்னைக்கும் கசப்பு கெடையாதா அக்கா?" என்று தினமும் காலையில் என் காதில் வந்து கேட்பாள். கெடையாது என்று சொன்னதும் குதிப்பாள். கல்யாண போட்டோவில் முன்வரிசையில், பட்டுப் பாவாடையில், வாயில் லட்டோடு நிற்கிறாள். அந்தப் படத்தில் எல்லாரையும்விடக் கொழுகொழுவென்று இருப்பவள் அவள்தான்.

மாப்பிள்ளை விமானம் ஏறினார். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் என்று இருக்கும்போதுதான், ஒரு மத்தியானம் அம்மா என்னைப் பத்தாயத்துக்குள் இறங்கச் சொன்னாள்.

பாட்டிலை மடியில் கொட்டி எண்ணினாள். எண்ணி முடித்து, திரும்ப எண்ணினாள். இரண்டு தடவையும் வேறு வேறு எண்ணிக்கை வந்தது. என்னிடம் தள்ளினாள். போன தடவை புது பாட்டில், அறுபது மாத்திரை. கொடுத்தது பதினொரு நாள். மிச்சம் நாற்பத்தொன்பது.

"நாளைக்கு எத்தனை இருக்கணும்?"

"முப்பது நாளாச்சும்மா. முப்பது தீந்திருக்கணும். முப்பது மிச்சம் இருக்கணும்."

"அப்ப எத்தனை கூட இருக்கு?"

"பத்தொம்போது" என்றேன். பேப்பர் இல்லாமல் மனசுக்குள்ளேயே போட்டேன்.

அம்மா எழுந்து போய்க் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு யாரிடமோ பேசுவதுபோலப் பேசினாள். "இப்ப சொன்னா ஆள் அனுப்புவாங்க. ஜீப்பு வாய்க்கா கரையில வந்து நிக்கும். எந்த வீடு, எந்த வீடுன்னு தெருவையே கேட்டுக்கிட்டு வருவாங்க. அத்தை போன வீட்டுக்கு அடுத்த நாளே சேதி போயிடும்." என் பக்கம் திரும்பினாள். "பத்தொம்போதையும் எடுத்துக்கிட்டுப் போய் வாய்க்கால்ல போட்டுட்டு வந்துடு. நாளையிலேர்ந்து ஒழுங்காக் குடுப்போம். இனிமே ஒரு வேள விட மாட்டேன்." அவள் அதை மனதாரத்தான் சொன்னாள். இப்போதும் அதை நம்புகிறேன்.

நான் மாத்திரைகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கிளம்பினேன். பாப்பா பின்னாலேயே வந்தாள். எதற்குப் போகிறோம் என்று சொன்னதும் அவளுக்குத் தாங்கவில்லை. "நான் போடுறேன்க்கா, நான் போடுறேன்" என்று கெஞ்சினாள். சரி, குழந்தைதானே என்று கொடுத்தேன்.

படித்துறையின் கடைசிப் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டாள். அவளுக்கு அப்போதுதான் இருபதுவரை எண்ணத் தெரிந்திருந்தது. வாய்விட்டு எண்ணிக்கொண்டே போட்டாள். வெள்ளை மாத்திரை ஆடி ஆடி இறங்கும். கெண்டைக் குஞ்சுகள் கூட்டமாக வந்து முட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று விலகும். "பாரேன் அக்கா, மீனுக்கும் கசக்குது!" என்று கைதட்டினாள். பத்தொம்போது வந்ததும் கைக்குட்டையை உதறிப் பார்த்தாள்.

"இருவது இல்லையா?"

"இல்ல. பத்தொம்போதுதான் கணக்கு."

வீட்டுக்கு வந்து தாளை விரித்தேன். பதினொரு வரிசையில் டிக் இருந்தது. பாக்கிப் பத்தொன்பது வரிசையையும் நிரப்ப வேண்டும். இதை அம்மா சொல்லவில்லை. இங்கே பொய் சொல்லக்கூடாது: இது என் யோசனை. ஒரே கலரில் ஒரே மூச்சில் போட்டால் சிஸ்டர் கண்டுபிடித்துவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. நாலு கலர் பேனாவில் நாலு நாள் நீலம், இரண்டு நாள் கறுப்பு, மறுபடி நீலம் என்று மாற்றி மாற்றிப் போட்டேன். ஒரு பிறையின் மேல் கொஞ்சம் எண்ணெய்கூடத் தொட்டு வைத்தேன். நிஜமாகவே ராத்திரி சாப்பிடும்போது போட்டதுபோல இருக்கட்டும் என்று.

மறுநாள் அத்தை கல்யாணக் கதையைக் கேட்டுக்கொண்டே சிஸ்டர் பாட்டிலைத் தட்டில் கவிழ்த்தார். மாத்திரைகளோடு ஒரு நெல்மணியும் விழுந்து தட்டில் உருண்டது.

"இது எப்படிம்மா உள்ள போச்சு?"

அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "விவசாய வீடு சிஸ்டர், எங்க பாத்தாலும் நெல்லுதான்" என்றேன் நான். சிஸ்டர் சிரித்துக்கொண்டே நெல்லை ஒதுக்கிவிட்டு எண்ணினார். முப்பது. தாளைப் பார்த்தார். மேலிருந்து கீழே ஒருமுறை விரலை ஓட்டினார். எண்ணெய் பட்ட பிறையில் விரல் கொஞ்சம் நின்றது. நின்றதா, எனக்கு இப்போது அப்படித் தோன்றுகிறதா என்று தெரியவில்லை.

"யாரு, நீதானே டிக் போடுறது?"

"ஆமா சிஸ்டர்."

"கல்யாண வீட்டுலயும் ஒரு வேள விடலை பாரு. பெரியவங்களே இப்படிப் பாக்க மாட்டாங்க."

பாப்பா அதுவரை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சிஸ்டர், மீனுக்கும் மாத்திரை பிடிக்கல சிஸ்டர்" என்றாள். "நான் போட்டேன், அது வந்து..."

மேஜைக்குக் கீழே என் கை அவள் தொடையைத் தேடிப் பிடித்தது. நகம் பதியக் கிள்ளினேன். பாப்பா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் இதற்குமுன் அவளைக் கிள்ளியதே இல்லை. உதடு பிதுங்கியது. பிறகு அழ ஆரம்பித்தாள்.

"ஏன் அழுவுது?"

"பசிக்குது சிஸ்டர். காலையில சரியா சாப்புடல."

சிஸ்டர் மேஜை டிராயரிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து அவள் கையில் வைத்தார். தாளின் கீழே சிவப்பு மையில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்தேன். 'நன்று' என்று எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மா சொன்னபடியே ஒழுங்காகக் கொடுத்தாள், ஒன்றரை மாதம். பிறகு அத்தையின் மாமியார் வந்து பத்து நாள் தங்கினார். பாட்டில் பத்தாயத்துக்குப் போனது. அப்புறம் அத்தைக்கு வளைகாப்பு. அப்புறம் பிரசவம், அது எங்கள் வீட்டில்தான். ஒரு தடவை சரியாக வந்த கணக்கு ஒவ்வொரு தடவையும் சரியாக வந்தது. அடுத்த மழைக்காலத்தில் பாப்பாவுக்கு வாயெல்லாம் புண். கன்னம் ஒட்டியது. இருமல் திரும்பி வந்தது. டாக்டர் என் தாள்களை அடுக்கி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாச் சூரியனும் எல்லாப் பிறையும் நிரம்பியிருந்தன. அம்மாவைக் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். "ஒரு வேளையும் விடலை டாக்டர்" என்று சொன்னது நான்.

விடாமல் சாப்பிட்டும் இப்படி ஆகிறது என்றால் இந்த மருந்து இவளுக்குக் கேட்கவில்லை, வேறு மருந்து இங்கே கிடையாது, சென்னைக்குத்தான் போக வேண்டும் என்று கடிதம் கொடுத்தார். அறுப்பு முடியட்டும் என்றார் அப்பா. அறுப்பு முடிவதற்குள் பாப்பா முடிந்துவிட்டாள். எட்டு வயதுகூட ஆகவில்லை. தெருவில் மஞ்சள் காமாலை என்று சொன்னோம்.

அந்த அறையில் உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா? இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துப் பார்த்துவிட்டேன். அதற்குள் கிருமி பழகியிருக்கும், அப்போதும் வேறு மருந்துதான் வேண்டியிருந்திருக்கும் என்று ஒரு நாள் தோன்றும். முதல் பத்தொன்பது நாளிலேயே சொல்லியிருந்தால் அந்த ஜீப் வந்திருக்கும், பத்தாயத்துக்குப் பதிலாக வேறொரு வழி கிடைத்திருக்கும் என்று மறுநாள் தோன்றும். சில வருடங்களுக்கு முன் ஊருக்கு வந்திருந்த சின்ன அத்தையின் கணவருக்கு விஷயம் எப்படியோ தெரிந்திருந்தது. "என்கிட்ட சொல்லியிருக்கலாமே? நான் என்ன வேணாம்னா சொல்லியிருப்பேன்?" என்றார். அவர் எழுந்து போனதும் அம்மா, "இப்ப சொல்லுவாரு" என்றாள். அவர் சொன்னது உண்மையா என்று அறிய இனி வழியில்லை. அம்மா சொன்னது தவறு என்று சொல்லவும் எனக்கு வழியில்லை.

நான் சொல்ல வந்தது இவ்வளவும் இல்லை. சிஸ்டர் 'நன்று' போட்டுக் கொடுத்த அந்த நாளின் சாயங்காலத்தை மட்டும்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தாள். கல்யாணமும் பிழைத்தது, கணக்கும் பிழைத்தது என்பதுபோல அவள் முகம் பல நாளைக்குப் பிறகு இறுக்கம் இல்லாமல் இருந்தது. பாப்பா பிஸ்கட் தூள் ஒட்டிய வாயோடு என் மடியில் படுத்துத் தூங்கினாள். பாவாடை விலகிய இடத்தில் நான் கிள்ளியது பிறை மாதிரி சிவந்திருந்தது. பாவாடையை இழுத்துவிட்டேன்.

கையில் அடுத்த மாதத்துக்கான புதுத் தாள் இருந்தது. முப்பது சூரியன், முப்பது பிறை. வெள்ளை வெளேரென்று இருந்தது. எனக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை. பேனா புதுசு. நல்ல பெண் என்று பெயர் வாங்கியிருந்தேன், அடுத்த மாதமும் வாங்க வேண்டும். மடியில் கிடந்த தலை அசையாமல் தாளை மெதுவாக ஜன்னல் கம்பியோடு அணைத்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். நாலு நாள் நீலம், இரண்டு நாள் கறுப்பு. பஸ் குலுங்கும்போது டிக் கோணலாக விழுந்தது. அதுவும் நல்லதுதான், நிஜம்போல இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் நிறுத்தம் வருவதற்குள் அந்த மாதம் முழுவதும் பாப்பா ஒரு வேளை விடாமல் மாத்திரை சாப்பிட்டு முடித்திருந்தாள்.